டிராக்டர் டிரெய்லர்: இரண்டு சக்கரமா, நான்கு சக்கரமா?

ஜெனரேட்டர், கான்கிரீட் மிக்ஸர் மாதிரி கனமான சாமானைக் குமரி மாவட்டத்தில் குலசேகரம், பேச்சிப்பாறை பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்கு ஏற்றிப் போவதென்றால் என் ஓட்டு இரண்டு சக்கரத்துக்கே. பாரத்தில் ஒரு பங்கு, டிரெய்லரை டிராக்டரோடு இணைக்கும் கொக்கி வழியாக டிராக்டரின் பின் டயரில் இறங்கும். ஈர மண் ஏற்றத்திலும் பிடி கிடைக்கும். ஆனால் கனத்தை டிரெய்லரின் சக்கர அச்சுக்குப் பின்னால் வைத்தால் கொக்கி மேலே தூக்கும், பிடி போய்விடும். ரொம்ப முன்னால் தள்ளினாலோ டிராக்டரின் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் கேட்காது.

நான்கு சக்கரம் தன் பாரத்தைத் தானே சுமக்கும். நாகர்கோவில் பக்கத்துச் சமதளச் சாலைக்குச் சரி. ரிவர்ஸ் எடுப்பதுதான் பெரும்பாடு.

அப்புறம், எதை வாங்கினாலும் சங்கிலி மாட்ட வளையமும் பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டரும் வேண்டும். குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்று இரும்பைத் தின்னும். பெயின்டுக்கு முன் அடிக்கும் பிரைமரில் கஞ்சத்தனம் கூடாது.