வீட்டு பிபி மெஷின்: மூன்று ஆண்டு தினசரிப் பயன்பாட்டில் தெரியவருபவை

பிபி மெஷின் வாங்கிய முதல் வாரம் எல்லா வீடுகளிலும் ஒரே மாதிரிதான் போகும். ஒரே கையில் அடுத்தடுத்து எடுத்தால் 148, 139, 133 என்று வரும். "மெஷின் தப்பா காட்டுது" என்று அட்டைப்பெட்டிக்குள் திரும்பிப் போய்விடும். பெரும்பாலும் தவறு மெஷினில் இல்லை. கையில் சுற்றும் பட்டையின் அளவிலும், கை இருந்த இடத்திலும், உட்கார்ந்த விதத்திலும் இருக்கிறது.

பாதரசக் கருவியில் அளப்பவர் ஸ்டெதாஸ்கோப்பில் ஒலி கேட்பார். இந்த மெஷின் ஒலியைக் கேட்பதில்லை. நாடித் துடிப்பால் பட்டைக்குள் இருக்கும் காற்றில் எழும் சிறு அதிர்வுகளைப் பிடிக்கிறது. அதிர்வு உச்சத்தில் இருக்கும் இடம் சராசரி அழுத்தம். அங்கிருந்து மேல் அளவையும் கீழ் அளவையும் அந்தந்த நிறுவனம் தன் கணக்குப்படி எடுத்துக் கொடுக்கிறது. ஆகவே அளக்கும்போது விரலை மடக்கினாலும், "இன்னைக்கு எவ்வளவு?" என்று கேட்டாலும் அந்த அசைவும் கணக்கில் கலந்துவிடும். பேச்சு தன்பங்குக்கு அழுத்தத்தையும் ஏற்றும்.

வாங்கும்போது யாரும் கவனிக்காதது பட்டையின் அளவு. தோள்முனைக்கும் முழங்கைக்கும் நடுவில் தையல் டேப்பால் கையின் சுற்றளவை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். பெட்டியோடு வருவது பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. வரைக்கானது. கை 35 செ.மீ. இருப்பவருக்கு அதே பட்டையைச் சுற்றினால் இல்லாத பிபி வந்துவிடும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட கணக்கு இது: பெரிய பட்டை தேவைப்படுபவருக்குச் சாதாரணப் பட்டை போட்டால் மேல் அளவு சராசரியாக 4.8 புள்ளி கூடுகிறது. மிகப் பெரிய பட்டை தேவைப்படுபவருக்கு 19.5 புள்ளி கூடுகிறது. ஒரு மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ அந்த வித்தியாசம் போதும். பெரிய பட்டை தனியாகக் கிடைக்கும். ஆனால் அதே நிறுவனத்தின், அதே மாடலுக்கான பட்டைதான் பொருந்தும்.

சட்டைக்கைக்கு மேலே கட்டக் கூடாது. சுருட்டி மேலே ஏற்றிய சட்டைக்கை இறுக்கினாலும் தப்பு, சட்டையைக் கழற்றிவிடுவதே நல்லது. பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே, காற்றுக்குழாய் உள்ளங்கைப் பக்கமாக இறங்கும்படி இருக்கட்டும். கட்டிய பிறகு விளிம்புக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும்.

அடுத்தது கை இருக்கும் இடம். 2024-இல் அதே பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வில், கையை மேசையில் வைக்காமல் மடியில் வைத்தபோது மேல் அளவு 3.9 புள்ளி கூடியது. பக்கவாட்டில் தொங்கவிட்டபோது 6.5 புள்ளி கூடியது. சாப்பாட்டு மேசை தாழ்வாக இருந்தால் ஒரு தலையணையை அடியில் வைத்து, பட்டை நெஞ்சின் மட்டத்துக்கு வரும்படி உயர்த்துங்கள். முதுகு நாற்காலியில் சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில் படிந்திருக்க வேண்டும். சம்மணம் போட்டோ கட்டில் ஓரத்திலோ உட்கார்ந்து எடுப்பது நம் வீடுகளில் வழக்கம். அதை விட்டுவிடுவது நல்லது.

காலையில் சிறுநீர் கழித்தபின், காபிக்கும் மாத்திரைக்கும் முன்பு, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுக்க வேண்டும். இரவிலும் அதேபோல இரண்டு முறை. இப்படி ஏழு நாள் எடுத்து, முதல் நாளை விட்டுவிட்டு, மிச்சமுள்ள 24 அளவுகளின் சராசரியைப் பார்க்க வேண்டும். அது 135/85-ஐத் தொட்டால் மருத்துவரிடம் பேச வேண்டும். வீட்டு அளவுக்கு எல்லை 135/85, மருத்துவமனை அளவுக்கு 140/90. இரண்டையும் குழப்பிக்கொண்டு "வீட்டுல 138தான், நார்மல்" என்று இருப்பவர்கள் ஏராளம். மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இலக்கு இன்னும் கீழே இருக்கலாம். அதை மருத்துவர் சொல்வார்.

மெஷினின் நினைவகத்தை மட்டும் நம்ப வேண்டாம். வீட்டில் இரண்டு பேர் அளந்தால் யாருடைய எண் எது என்றே தெரியாமல் போகும். ப்ளூடூத் செயலி உதவும்தான். ஆனால் போன் மாறும்போது கணக்கும் தொலைகிறது. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்: தேதி, நேரம், மேல் அளவு, கீழ் அளவு, நாடி. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருபவர் மாதத்தில் ஒரு நாள் எடுக்கும் அளவுக்குப் பக்கத்தில் இந்த நோட்டையும் காட்டினால், அந்த ஒரு எண்ணுக்கு அர்த்தம் கிடைக்கும்.

பழுதுகளில் முதலாவது காற்றுக்குழாய். மெஷினைச் சுற்றி இறுக்கமாகச் சுருட்டி வைப்பதால், செருகும் கழுத்துப் பகுதியில் மயிரிழை விரிசல் விழும். காற்று ஏறும்போது அங்கே காதை வைத்தால் "உஸ்" என்று மெல்லிய சத்தம் கேட்கும். தளர்வான வளையமாக வைத்தால் இதைத் தவிர்க்கலாம். வெல்க்ரோவில் நூலும் முடியும் சேர்ந்து, பாதி காற்று ஏறும்போதே "சர்ர்" என்று பிரிய ஆரம்பித்தால் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுங்கள்; அதற்குப் பிறகும் பிரிந்தால் பட்டையை மாற்றுங்கள். பென்சில் பேட்டரியில் ரீசார்ஜ் வகை வேண்டாம். அது 1.2 வோல்ட்தான் தரும், பேட்டரி தீர்ந்த அடையாளம் சீக்கிரமே வந்துவிடும். ஊருக்குப் போய் மாதக்கணக்கில் தங்குவதானால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். கசிந்தால் முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துவிடும்.

கைக்கடிகாரத்தை இதற்கு மாற்றாக எடுத்துக்கொள்ள முடியாது. பிபி காட்டும் சாம்சங் கடிகாரங்களையே 28 நாளுக்கு ஒருமுறை பட்டை மெஷினோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். கர்ப்பிணிகளுக்கு எல்லா மாடலும் சோதிக்கப்பட்டவை அல்ல. எது சோதித்துத் தேறியது என்பதை ஸ்ட்ரைட் பிபி (STRIDE BP) என்ற சர்வதேச அமைப்பின் இணையப் பட்டியலில் பார்க்கலாம். நாடி ஒழுங்கற்ற அடையாளம் அடிக்கடி வந்தால் அந்த எண்ணை நம்பாதீர்கள்; இசிஜி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். 180/120-க்கு மேல் காட்டினால் ஐந்து நிமிடம் கழித்து மறுபடி எடுங்கள். ஆனால் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், பேச்சுக் குழறல் இருந்தால் இரண்டாவது அளவுக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை மெஷினையே மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள். ஒரே கையில் அங்குள்ள கருவியும் உங்கள் மெஷினும் மாறி மாறி மூன்று முறை எடுக்கட்டும். வித்தியாசம் 5 புள்ளிக்குள் இருந்தால் கவலையில்லை. 10-ஐத் தாண்டினால் முதலில் பட்டையை மாற்றிப் பாருங்கள், பிறகு மெஷினை. ஒப்பிட்ட தேதியை மெஷினின் அடியில் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.