சர்வர் சூடு: உள்ளிருந்து அளப்பதா, வெளியிலிருந்தா?

ஊட்டிக் குளிரில் வீட்டு சர்வர் (நாள் முழுக்க ஓடும் கணினி) எங்கே சூடாகப் போகிறது என்று கோவை நண்பர்கள் கேட்பார்கள். மூடிய அலமாரிக்குள் வைத்தால் இங்கேயும் சூடாகும். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் வெளியேற்றும் சூடு குறைந்துவிடும்.

வீட்டுக் கருவிகளைக் கண்காணித்து இயக்கும் மென்பொருளான ஹோம் அசிஸ்டன்ட்டில் இதைக் கவனிக்க இரண்டு வழிகளையும் வைத்துப் பார்த்துவிட்டேன்.

முதலாவது, க்ளான்சஸ், கணினியின் நிலையைக் காட்டும் மென்பொருள். சர்வரில் நிறுவி வெப் முறையில் ஓடவிட்டு, ஹோம் அசிஸ்டன்ட்டில் சர்வரின் முகவரியோடு 61208 என்ற போர்ட் எண்ணைக் கொடுத்தால் போதும், காசு செலவில்லை. பிராசசருக்குள் இருக்கும் சென்சாரையே படிப்பதால், வீடியோ கன்வெர்ட் செய்யத் தொடங்கியதும் 45 டிகிரி 70 ஆவது தெரியும். வெளியே தொங்கும் சென்சாருக்கு இது எட்டாது.

ஆனால் சர்வர் உறைந்துபோனால் அளவீடும் அதோடு போய்விடும். போன ஆடியில் ஒரு ராத்திரி அப்படித்தான் ஆனது. "80-ஐத் தாண்டினால் எச்சரி" என்று போட்டிருந்தேன். போன் சத்தமே போடவில்லை. வந்தது எண்ணே இல்லை, "கிடைக்கவில்லை" என்ற நிலை. எண்ணுக்காகக் காத்திருக்கும் ஆட்டோமேஷனுக்கு அது கணக்கில் வராது. இப்போது, ஐந்து நிமிடம் தகவல் வராவிட்டாலும் எச்சரிக்கும்படி தனியாக ஒன்று வைத்திருக்கிறேன். ஹோம் அசிஸ்டன்ட்டும் அதே சர்வரில் ஓடினால் இதுவும் வீண். என்னுடையது ராஸ்பெர்ரி பை என்ற தனிச் சின்னக் கணினியில் ஓடுகிறது.

இரண்டாவது, ஈஎஸ்பி32 என்ற சின்ன வைஃபை போர்டில் பிஎம்இ280 சென்சாரை இணைத்து, அதை ஹோம் அசிஸ்டன்ட்டோடு பேச வைக்கும் ஈஎஸ்பிஹோம் மென்பொருளை ஏற்றுவது. சால்டரிங் கொஞ்சம் தெரிய வேண்டும். வெப்பத்தோடு ஈரப்பதத்தையும் சொல்லும். மலையில் எனக்கு முக்கியம் அதுதான். ஒருமுறை இரவெல்லாம் கரண்ட் இல்லை. காலையில் அடுப்படி ஆவி வீடு முழுக்கப் பரவியிருந்தது. சர்வர் மூடியைத் திறந்தால், பிராசசரின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க் தகடுகளில் கடுகு கடுகாக நீர்த்துளி. 12 டிகிரி, 95 சதவீத ஈரப்பதம் என்றால் 11 டிகிரியிலேயே பனி படியும். இரவில் ஆறிய உலோகம் அதற்கும் கீழே இருக்கலாம். அந்த ஈரத்தோடு சுவிட்சைப் போட்டிருந்தால் போர்டு போயிருக்கலாம். க்ளான்சஸ் இதை ஒருநாளும் சொல்லியிருக்காது, சர்வரே அணைந்து கிடந்ததே.

அப்புறம், ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான், ஹோம் அசிஸ்டன்ட் இயக்கும் ஸ்மார்ட் பிளக் சர்வருக்குக் கரண்ட் கொடுக்கும்படி மாற்றிவிட்டேன். ஈஎஸ்பி, பை, ரூட்டர் மூன்றும் சின்ன யுபிஎஸ்ஸில் இருக்கின்றன.

சால்டரிங் வராதவர்களுக்கு பேட்டரி போட்ட ஜிக்பி (கம்பியில்லா இணைப்பு) சென்சார் போதும், ஈரப்பதமும் காட்டும்.

ஒன்றுதான் வைக்க முடியும் என்றால், கோவையில் க்ளான்சஸ். ஊட்டியில் பிஎம்இ280, அதுவும் சூடான காற்று வெளியேறும் இடத்தில் இல்லாமல், சர்வர் காற்றை உள்ளிழுக்கும் பக்கத்தில்.