ஆறாம் மாதத்தில் வந்த கல்

மூன்று வருடம் கழித்து ஊருக்குப் போயிருந்தேன். வயிற்றில் 24 வாரக் குழந்தை. போய் ஆறாம் நாள், விடியற்காலையில் வலது விலாவுக்குக் கீழே வலி பிடித்தது. படுக்கவும் முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை. விட்டு விட்டு ஏறி, அடிவயிறு வரைக்கும் இறங்கியது. இரண்டு முறை வாந்தி. பிரசவ வலிதான் இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டதோ என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

முதலில் போன சின்ன மருத்துவமனையை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. "மாசமா இருக்கும்போது இடுப்பு வலிக்கத்தாம்மா செய்யும்" என்றார்கள். சிறுநீர்கூடப் பரிசோதிக்கவில்லை. நர்ஸ் ஊசியோடு வந்தபோது என்ன மருந்து என்று கேட்டேன். டைக்ளோஃபெனாக். சிறுநீரகக் கல் வலிக்கு வழக்கமாகப் போடுவதுதான். ஆனால் 20 வாரத்துக்கு மேல் அந்த வகை மருந்துகள் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைத்துவிடக்கூடும். பாராசிட்டமால் தவிர எந்த வலி மருந்தும் தன்னைக் கேட்காமல் வேண்டாம் என்று என் டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த ஒரு வார்த்தை நினைவில் இருந்ததால் ஊசி வேண்டாம் என்று சொல்லி எழுந்து வந்தேன்.

அடுத்துப் போன இடம் பெரிய மருத்துவமனை. அங்கே முதலில் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க வைத்தார்கள். பாதி வலி அப்போதே குறைந்த மாதிரி இருந்தது. அப்புறம் சிறுநீர், ரத்தப் பரிசோதனை, டிரிப்ஸ். மகப்பேறு டாக்டரும் சிறுநீரக அறுவை டாக்டரும் ஒன்றாகவே வந்து பார்த்தார்கள். இவரிடம் ஒரு பதில், அவரிடம் ஒரு பதில் என்று அலைய வேண்டியிருக்கவில்லை.

ஸ்கேன் அறையில்தான் நிறையக் கற்றுக்கொண்டேன். கர்ப்பத்தில் கருப்பை அழுத்துவதாலும் ஹார்மோனாலும் சிறுநீரகம் கொஞ்சம் வீங்குவது சகஜம், அதிலும் வலது பக்கம் கூடுதலாக வீங்கும். அதனால் வீக்கத்தை மட்டும் வைத்துக் கல் என்று சொல்லிவிட முடியாதாம். ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளர் ஸ்கேன் வைத்து, இரண்டு சிறுநீரகக் குழாயிலிருந்தும் சிறுநீர்ப்பைக்குள் சிறுநீர் பீய்ச்சி வருகிறதா என்று பொறுமையாகப் பார்த்தார் டாக்டர். இடது பக்கம் வந்தது, வலது பக்கம் வரவில்லை. பைக்குப் பக்கத்திலேயே 5 மில்லிமீட்டர் கல். கதிர்வீச்சு வேண்டாம் என்று சிடி ஸ்கேன் எடுக்கவில்லை.

"பெரும்பாலும் தானா வந்துடும்மா. காய்ச்சலோ குளிரோ வந்தா மட்டும் ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காதீங்க" என்றார். அடைப்போடு கிருமியும் சேர்ந்தால், சிறுநீர் வடிய உடனே ஸ்டென்ட் போன்ற மெல்லிய குழாய் வைத்தாக வேண்டும். கர்ப்பத்தில் ஸ்டென்ட் மேல் உப்பு சீக்கிரம் படியும் என்பதால் 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிவரும். கிருமி இல்லையென்றால் லேசர் வைத்துக் கல்லை உடைத்து எடுக்கலாம். வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உடைக்கும் முறையைக் கர்ப்பிணிகளுக்குச் செய்யவே மாட்டார்கள். எனக்கு இது எதுவும் தேவைப்படவில்லை. பாராசிட்டமாலும், ஒரே ஒரு ராத்திரி அதைவிடப் பலமான வலி ஊசியும் போதுமாக இருந்தது.

ஒரே ஒரு குறை, டிஸ்சார்ஜ் சம்மரிக்கு நான்கு மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். வந்த தாளில் எத்தனையாவது வாரம் என்பதே இல்லை. திருப்பிக் கொடுத்து எழுதி வாங்கினேன். ஸ்கேன் படங்களையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சிறுநீரை வடிகட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். நான்காம் நாள் காலையில் வடிகட்டியில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, பழுப்பு நிறத்தில் ஒரு துண்டு. பரிசோதனையில் கால்சியம் பாஸ்பேட் என்று வந்தது. கர்ப்பத்தில் அந்த வகைதான் அதிகமாம். கால்சியம் மாத்திரையை நிறுத்திவிடட்டுமா என்று கேட்டேன். அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம், தண்ணீரைக் கூட்டுங்கள் என்றார் மகப்பேறு டாக்டர். விமானத்துக்கான கடிதத்தையும் அவரே எழுதிக் கொடுத்தார். 27ஆவது வாரத்தில் திரும்பினேன். வழி நெடுக உள்ளே உதைத்துக்கொண்டே வந்தாள்.