அழைப்பு மின்னஞ்சலால் கெட்ட பெயர்: ஒரு படப் பகிர்வுச் சேவையின் நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

கட்டணத்தைக் குறைத்திருக்கிறார்களாமே, வாங்கலாமா என்று குன்னூர் நண்பர் கேட்டிருக்கிறார். கோத்தகிரி லாங்வுட் சோலையில் பறவை பார்ப்பவர்களின் படங்களைத் தொகுத்து வைக்க நாங்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தும் சேவை அது. படத்தின் தரமும் சேமிப்பிடமும் அவர் அறிந்தவையே என்பதால், படக் குழுவில் சேரும்படி பிறருக்கு அனுப்பும், என்னை இன்றுவரை எரிச்சலூட்டும் அழைப்பு மின்னஞ்சலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தொடக்கத்தில் எங்களை ஈர்த்ததும் அந்த வசதிதான். எஸ்டேட் பள்ளி ஆசிரியர் ஒருவரின் முகவரியை இட்டு, "சார், நீங்கள் எடுத்த நீலகிரி சிரிப்பான் படத்தை இதில் ஏற்றுங்கள்" என்று இரண்டு வரி சேர்த்து அனுப்பினால், மாலைக்குள் படம் வந்துவிடும். அந்த இரண்டு வரி இடம் ஸ்பேம் அனுப்புவோரின் கண்ணிலும் பட்டது. இலவசக் கணக்கைத் தொடங்கி, அந்த இடத்திலும், குழுவுக்கு வைக்கும் பெயரிலும்கூட, பரிசு விழுந்திருப்பதாக ஓர் இணைப்போடு எழுதிவிட்டு, எங்கிருந்தோ திரட்டிய முகவரிகளுக்கெல்லாம் அழைப்பு விடுத்தார்கள். நிறுவனத்தின் சொந்த சர்வரிலிருந்தே அஞ்சல் புறப்படுவதால், எஸ்பிஎஃப், டிகேஐஎம் எனப்படும் அஞ்சல் சோதனைகள் இரண்டிலும் அது தேறிவிடும். அந்தச் சோதனைகள், அஞ்சலை அனுப்பும் டொமைன் (நிறுவனத்தின் இணையப் பெயர்) உண்மையானதா என்று பார்க்குமே தவிர, உள்ளே எழுதியவர் யாரென்று பார்ப்பதில்லை. பெற்றவர்கள் புகார் செய்யச் செய்ய, மின்னஞ்சல் சேவைகளிடம் அந்த டொமைனின் மதிப்பு சரிந்து, எங்கள் அழைப்புகளும் ஸ்பேம் பெட்டியில் விழுந்தன. நாளொன்றுக்கு ஜிமெயில் முகவரிகளுக்கு 5000க்கு மேல் அனுப்புவோரின் புகார் விகிதம் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது என்று 2024 பிப்ரவரி முதல் கூகுள் கேட்கிறது. நிறுவனம் பதறியதில் வியப்பில்லை.

பிறகு செய்த திருத்தங்கள் சரியானவை என்றே சொல்ல வேண்டும். மின்னஞ்சலை உறுதிசெய்யாத கணக்கிலிருந்து அழைப்பு போகாது, புதிய கணக்குக்குத் தினசரி வரம்பு உண்டு, குழுவின் பெயரில் இணைப்பு இருந்தால் ஏற்காது. வேண்டாம் என்று ஒருமுறை சொன்னவருக்கு எந்தக் கணக்கிலிருந்தும் மறுபடி அழைப்பு போவதில்லை என்பது இவற்றுள் சிறந்தது. ஸ்பேம் அறவே நின்றது.

ஆனால் அந்த இரண்டு வரியையும் எடுத்துவிட்டார்கள். இப்போது போவது "ஒரு குழு உங்களை அழைக்கிறது" என்னும் மொட்டைக் கடிதம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் அதை மோசடி என்று அழித்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மழைக்காலத்தில் சிக்னல் சரியாகக் கிடைக்காத எஸ்டேட் லைன் வீடுகளுக்கு (வரிசைக் குடியிருப்புகளுக்கு) ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்து விளக்கும் வேலை என் தலையில் விழுந்தது. புகாரே இல்லாத பழைய கணக்குகளுக்காவது, இணைப்பை மட்டும் தடுத்துவிட்டு, எழுதும் இடத்தைத் திருப்பித் தரலாமே என்று கேட்டேன். பரிசீலிப்பதாகப் பதில் வந்தது, அவ்வளவுதான்.

எனவே நண்பருக்கு என் பதில்: பாதுகாப்பில் குறையில்லை, விலையும் நியாயம், இருந்தாலும் வாங்க வேண்டாம். நாங்கள் அடுத்த ஆண்டுக்கும் பணம் கட்டிவிட்டோம்; இத்தனை படங்களையும் இறக்கி வேறிடத்தில் ஏற்ற இங்குள்ள இணைய வேகத்தில் என்னால் ஆகாது.