ஓபிசி 53-ஆ, பிபிசியா: மாடித் தளத்துக்கு எது?

இரண்டும் சிமெண்ட் வகைகள். ஓபிசி என்பது சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட், 53 அதன் வலுத் தரம்; பிபிசி என்பது நிலக்கரிச் சாம்பல் கலந்தது.

ஆரம்ப வலு: சோதனைக் கட்டியில் ஓபிசி 53 மூன்று நாளில் 27 மெகாபாஸ்கல் (வலுவை அளக்கும் அலகு) காட்ட வேண்டும், பிபிசிக்கு 16 போதும். தளத்தைத் தாங்கும் முட்டுக்கட்டைகளைச் சீக்கிரம் பிரிக்க ஓபிசிதான் வசதி.

நீர்க்கசிவு: இங்கே பிபிசி முந்துகிறது. சிமெண்ட் இறுகும்போது வெளிவரும் சுண்ணாம்போடு பிபிசியிலுள்ள நிலக்கரிச் சாம்பல் சேர்ந்து நுண்துளைகளை அடைக்கிறது. உப்பு உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைத் தொட நாளாகும். ஆனால் மெதுவாக நடக்கிற வேலை, ஈரம் காய்ந்தால் நின்றுவிடும்.

க்யூரிங் (தளத்தை ஈரமாகவே வைத்திருப்பது): ஓபிசிக்குக் குறைந்தது 7 நாள், பிபிசிக்கு 10. வெயில் காலத்தில் 14 என்றே வையுங்கள். காலையில் மட்டும் நனைத்த சாக்கு மதியத்துக்குள் மொறமொறவென்று ஆகிவிடும்; பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள்.

விலை: பிபிசி பெரும்பாலும் கொஞ்சம் குறைவு.

கலவை இளகலாக இருக்கட்டும் என்று கூடுதலாக ஒரு வாளி ஊற்றினால் இரண்டும் ஒழுகும், அது வேறு கதை. மற்றபடி கடலோர வீடு, தண்ணீர்த் தொட்டிக்கு பிபிசி. அவசர வேலைக்கு ஓபிசி.