கிருஷ்ணகிரியில இளைஞர் தலைமைப் பயிற்சி வகுப்பு, போய்ட்டு வந்து எழுதறேன்

ராயக்கோட்டை ரோட்டுல ஒரு சின்ன படிப்பகம், மாடியில சனிக்கிழமைகள்ல காலேஜ் பசங்களுக்கு வகுப்பு எடுக்கறாங்க. இந்த வாட்டி தலைப்பு, போர் முடிஞ்ச நாட்டை திரும்பக் கட்டுறதுல இளைஞருங்க பங்கு. அக்கா பையன் சேர்ந்தான், நானும் கூட உக்காந்துட்டேன். மதிய சாப்பாட்டோட 200 ரூபா. இந்த காசுக்கு இவ்ளோ விஷயம் நம்ம பக்கம் கிடைக்கறது கஷ்டம்ங்க.

லீடர்ஷிப் கிளாஸ்னாலே தன்னம்பிக்கை, எப்படி மைக் புடிச்சி பேசறது, நாலு கைதட்டல்னு போயிடும். வந்த மேடம் அதை தொடவே இல்ல, நேரா ஐநா பாதுகாப்பு சபை 2015 டிசம்பர்ல போட்ட 2250ஆம் தீர்மானத்துல ஆரம்பிச்சாங்க. 18லேர்ந்து 29 வயசு வரைக்கும் இருக்கறவங்கள சண்டைக்குப் போற கூட்டமா மட்டும் பாக்காதீங்க, சமாதானம் பேசற இடத்துலயும் முடிவெடுக்கற இடத்துலயும் உக்கார வைங்கன்னு சொல்ற தீர்மானம் அது.

அப்புறம் ஆப்பிரிக்காவுல இருக்கற ருவாண்டா. 1994 இனப்படுகொலைக்கப்புறம் அங்க மாசத்தோட கடைசி சனிக்கிழமை காலையில ஊரே இறங்கி ரோடு, கால்வாய், ஸ்கூல்னு வேலை செய்யுது, உமுகண்டான்னு பேரு, வரலைன்னா அபராதம் கூட உண்டு. பசங்க எல்லாம் சூப்பர் மேடம்னாங்க. சரி, எந்த ரோடு போடணும்னு முடிவு பண்றது யாருன்னு மேடம் திருப்பி கேட்டாங்க பாருங்க, அங்கதான் கிளாஸே சூடு புடிச்சுது. 80 பேர் இருக்கற அவங்க நாடாளுமன்ற கீழவையில இளைஞர்களுக்குன்னே 2 சீட் இருக்காம், அது போதுமா பத்தாதான்னு முக்கால் மணி நேரம் வாக்குவாதம். அதே ஆப்பிரிக்காவுல சியரா லியோன்ல 2002ல போர் முடிஞ்சு, நடந்த கொடுமைகளை விசாரிக்க வந்த உண்மை ஆணையம், இளைஞர்களை ஒதுக்கி வெச்சதும் போருக்கு ஒரு காரணம்னு எழுதியிருக்கு, சின்னப் பசங்களுக்குன்னு தனி அறிக்கையே போட்டாங்களாம், இதெல்லாம் நான் கேள்விப்பட்டதே இல்ல.

மதியம் களி, கீரைக் கடைசல், நல்லா இருந்துச்சு.

சாப்பிட்டதும் குரூப் வேலை. சார்ட்ல இடிஞ்சு போன ஒரு ஊரு, கையில 10 லட்சம், எதை முதல்ல செய்வீங்க. எல்லா குரூப்பும் ஸ்கூல், ரோடு, தண்ணி டேங்க்னு ஸ்கெட்ச்ல வரைஞ்சு தள்ளுது. இலங்கைத் தமிழர் முகாம்லேர்ந்து வந்திருந்த ஒரு பொண்ணு மட்டும் வரையவே இல்ல. "அண்ணா, நீங்க ஸ்கூல் கட்டுற இடம் யாரோடது? அதுக்கு பேப்பர் இருக்கா? கண்ணிவெடி எடுத்தாச்சா? திரும்பி வர்ற புள்ளைக்கு பிறப்பு சர்டிபிகேட் யாரு தருவா?"ன்னு வரிசையா கேட்டுச்சு. மார்க்கர் புடிச்சிருந்த பையன் அப்படியே நின்னுட்டான். அதுக்கப்புறம் சார்ட்டை கிழிச்சிட்டு அந்தப் பொண்ணையே தலைவரா வெச்சு புதுசா போட்டாங்க, 10 லட்சத்துல முதல் பங்கு பத்திரம் சரி பண்ற ஆபீசுக்கும் கண்ணிவெடி அகற்றவும் போச்சு.

எனக்கு குறைன்னா இதுதான். 2009 மே மாசம் போர் முடிஞ்ச இலங்கை நமக்கு இவ்ளோ பக்கத்துல, நம்ம மாவட்டத்துலயே முகாம் இருக்கு, அங்க பொறந்து வளந்து இன்னும் எந்த நாட்டு குடியுரிமையும் இல்லாத புள்ளைங்க எத்தனையோ பேர் இருக்காங்க. இலங்கை வடக்குல வன்னியில வீட்டுக்காரரை இழந்த பொம்பளைங்களே குனிஞ்சு உக்காந்து கண்ணிவெடி எடுத்திருக்காங்க. இதுக்கு கடைசியில பத்து நிமிஷம் கூட தரல, ஸ்கிரீன்ல ஸ்லைடை வேகமா தள்ளிக்கிட்டே போனாங்க. நோட்ஸ் முழுக்க இங்கிலீஷ்ல, அரசுப் பள்ளியில படிச்சிட்டு வந்த பசங்க அதை வெச்சு என்ன பண்ணும்? ஃபேனும் ரெண்டுதான் ஓடுது, தண்ணி பாட்டில் எடுத்துட்டு போங்க.

குரூப் ஒன் படிக்கறவங்க, என்எஸ்எஸ்ல இருக்கறவங்க கண்டிப்பா போகலாம். நடத்தறவங்க இதைப் படிச்சீங்கன்னா, அடுத்த பேட்ச்ல காலை வகுப்பை முழுசா இலங்கைக்கு ஒதுக்குங்க, முகாம் புள்ளைங்ககிட்ட 200 ரூபா வாங்காதீங்க, அந்தப் பொண்ணுக்கு ஒரு மணி நேரம் பேச குடுங்க. நோட்ஸை தமிழ்ல மாத்த ஆள் வேணும்னா நான் வந்து உக்காந்து செஞ்சு தர்றேன்.