முதல் டாட்டூ போடப் போகிறீர்களா? என் தோளில் நடந்ததைப் படித்துவிட்டுப் போங்கள்

என் ஆச்சி பெயர் கோமதி. சங்கரன்கோவில் பக்கம் வீட்டுக்கு ஒரு கோமதி இருப்பாள், அம்மன் பெயர். ஆச்சி மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் ரேஷன் கடையிலோ கூட்டுறவு வங்கியிலோ ஒருநாளும் கைநாட்டு வைத்ததில்லை. கொம்பை நன்றாக வளைத்து, கால் போட்டு, "கோமதி" என்று நிதானமாக எழுதுவாள். அவள் போன பிறகு டிரங்குப் பெட்டியில் கிடந்த ஒரு வங்கிப் படிவத்தில் அந்தக் கையெழுத்து கிடைத்தது. அதை அப்படியே இடது தோள்பட்டையின் பின்பக்கம் குத்திக்கொள்ள வேண்டும் என்று ஒரு வருஷமாக ஆசை.

பச்சை குத்துவது எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. ஆச்சியின் முன்கையில் புள்ளிக்கோலம் ஒன்று இருந்தது. சிறு பிள்ளையாக இருந்தபோது தெருவில் வந்த குறத்தி குத்திவிட்டு, கூலியாக நெல் வாங்கிக்கொண்டு போனாளாம். அறுபது வருஷம் கழித்தும் ஒரு புள்ளியை இன்னொரு புள்ளியிலிருந்து பிரித்துப் பார்க்க முடிந்தது. என் தோளில் இருப்பது ஆறே மாதத்தில் கலங்கிப்போய்விட்டது.

நான் வேலை பார்ப்பது கோவையில். இன்ஸ்டாகிராமில் பார்த்த ஒரு ஸ்டூடியோ, ஸ்கொயர் இன்ச் 199 ரூபாய் என்று போட்டிருந்தார்கள். படங்கள் எல்லாம் அவ்வளவு நேர்த்தி. வாட்ஸப்பில் ஆச்சியின் கையெழுத்தை அனுப்பினேன். "அப்படியே வரும் மேடம், நம்ம சீனியர் ஆர்ட்டிஸ்ட் பண்ணுவாரு" என்று பதில் வந்தது. 500 ரூபாய் அட்வான்ஸ் அனுப்பினேன்.

ஊசி தோலைத் தொடுவதற்கு முன் நான் எழுந்து வந்திருக்க வேண்டிய இடங்கள் மூன்று இருந்தன. மூன்றிலும் ஏதோ சரியில்லை என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. கட்டிய பணம், வாங்கிய லீவு, எதிரில் நிற்பவரைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்ற கூச்சம், இவையெல்லாம் சேர்ந்து என்னை உட்காரவைத்துவிட்டன. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலாவது, ஆள் மாறியது. சீனியர் வெளியூர் போயிருக்கிறார் என்றார்கள். இருந்தவர் கற்றுக்கொண்டிருக்கும் பையன். அவர் போட்டு ஆறிய டாட்டூ எதையாவது காட்டச் சொல்லிக் கேட்டேன். போனில் காட்டியதெல்லாம் குத்தி முடித்த கையோடு எடுத்தவை. குத்திய அன்று எந்தக் கோடும் கறுப்பாக, கூர்மையாகத்தான் தெரியும். மை தோலுக்குள் எப்படி உட்கார்ந்தது என்பது ஆறின பிறகுதான் தெரியவரும். ஆறு மாதம், ஒரு வருஷம் ஆன படத்தைக் கேளுங்கள். அது கிடைக்காவிட்டால் அந்த ஆளிடம் தோலைக் கொடுக்காதீர்கள். பின்னால் தெரிந்தது, அவர்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் நான் பார்த்து மயங்கிய படங்களில் பாதி அவர்கள் போட்டதே இல்லை.

இரண்டாவது ஊசி. நான் உட்காரும்போதே மெஷினில் ஊசி மாட்டியிருந்தது. "புதுசுதான் மேடம், இப்பதான் பிரிச்சேன்" என்றார். பிரித்த கவர் எங்கே என்று நான் கேட்கவில்லை. ஊசி ஒவ்வொன்றும் தனித்தனி உறையில், தொற்று நீக்கிய தேதியும் காலாவதித் தேதியும் அச்சடித்து வரும். அதை உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும். மையைப் பாட்டிலிலிருந்து சின்ன மூடியில் உங்களுக்கென்று தனியாக ஊற்ற வேண்டும். மிச்சத்தை அங்கேயே கொட்டிவிட வேண்டும். என்னுடைய ஆர்ட்டிஸ்ட் போட்டிருந்த கையுறையோடு இரண்டு முறை போன் எடுத்துப் பேசினார். அதே விரலால் வாஸலின் டப்பாவில் தோண்டி என் தோளில் தடவினார். ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி எல்லாம் இரத்தத்தின் வழியாகப் போகிறவை. டாட்டூ என்பது நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான முறை தோலைத் துளைக்கும் வேலை. மஞ்சள் காமாலை பி வகைக்குத் தடுப்பூசி இருக்கிறது, 0, 1, 6 மாதங்கள் என்று மூன்று டோஸ். டாட்டூ எண்ணம் இருந்தால் அதை முதலில் போட்டுக்கொள்ளுங்கள். சி வகைக்குத் தடுப்பூசியே இல்லை.

மூன்றாவதை எழுதும்போது இப்போதும் கை நடுங்குகிறது. ஸ்டென்சில். ஊதா நிற மையில் டிசைனைத் தாளிலிருந்து தோலுக்கு மாற்றுவார்கள். நம் பார்வைக்கு வைத்து, நாம் சரி என்ற பிறகுதான் ஊசி. என் இடம் முதுகுப் பக்கம் என்பதால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்றாகக் கண்ணாடி பிடிக்க வேண்டும். அவர் ஒரே கண்ணாடியைக் காட்டினார். எழுத்து இடவலம் மாறித் தெரிந்தது. அளவும் இடமும் சரியா என்றுதான் நான் பார்த்தேன். சரி என்று தலையாட்டினேன்.

அது ஆச்சியின் கையெழுத்தே இல்லை. படிவத்தின் படம் தெளிவாக இல்லை என்று அவராகவே கம்ப்யூட்டரில் டைப் செய்து ஏதோ ஒரு ஃபாண்டில் போட்டிருக்கிறார். டிசைன் மென்பொருளில் தமிழுக்கான அமைப்பு சரியாக இல்லையென்றால் எழுத்து உடையும். கல்யாணப் பத்திரிகை அடித்தவர்களுக்கு இது தெரியும். "கோ" என்பதில் கொம்பு முன்னால், க நடுவில், கால் பின்னால் வர வேண்டும். என் தோளில் க முதலில் நிற்கிறது. அதன் பின்னால் இரட்டைக் கொம்பு, பிறகு கால். அந்தக் கொம்பு யாருடையது என்று தெரியாமல் அந்தரத்தில் நிற்கிறது. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அது குற்றமில்லை. தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லாததும், நான் கொடுத்த கையெழுத்தை என்னிடம் கேட்காமல் மாற்றியதும்தான் குற்றம்.

தமிழ் எழுத்தில் போடப் போகிறவர்கள் டைப் செய்து அனுப்பவே அனுப்பாதீர்கள். படமாகக் கொடுங்கள். ஸ்டென்சில் ஒட்டியதும் கூட வந்தவரை போனின் பின்பக்கக் கேமராவில் படம் எடுக்கச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படியுங்கள். ர, ற, ன, ண, புள்ளி, கொம்பு, எல்லாவற்றையும். தப்பு என்றால் ஸ்பிரிட் வைத்துத் துடைத்தால் ஸ்டென்சில் போய்விடும். வேறொன்று ஒட்டப் பத்து நிமிஷம் போதும். நான் தனியாகப் போயிருந்தேன்.

வலியைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். வெயிலில் கன்றிய தோலை முள்ளால் கீறுவது போல இருக்கும். எலும்புக்கு மேலே வரும்போது பல்லைக் கடிக்க வேண்டியிருக்கும், தாங்கலாம். ஆனால் எனக்கு வலித்தது அந்த அளவோடு நிற்கவில்லை. மை இறங்க வேண்டியது தோலின் இரண்டாம் அடுக்குக்கு, ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் ஆழம். மேலடுக்கிலேயே நின்றால் சில வாரங்களில் தோலோடு உதிர்ந்துவிடும். அதைவிட ஆழமாகப் போனால் கொழுப்பில் பரவி, கோட்டைச் சுற்றி நீலமாகக் கசிந்து நிற்கும். அவர் அழுத்திய அழுத்தில் என்னுடையது அப்படித்தான் ஆனது.

முடிந்ததும் பில். நான்குக்கு ஒன்றரை, ஆறு ஸ்கொயர் இன்ச், 1,194 ரூபாய் என்று கணக்குப் போட்டுப் போயிருந்தேன். அவர்கள் எழுத்தைச் சுற்றி ஐந்துக்கு மூன்று என்று ஒரு பெட்டி போட்டு 2,985 என்றார்கள். ஊசி, மை கிட் 600. க்ரீம் 450. ஃபாண்ட் டிசைனுக்கு 300. நான் கேட்கவே கேட்காத அந்த ஃபாண்டுக்கு! மொத்தம் 4,335. சட்டையை மாட்டிக்கொண்டு, அட்வான்ஸ் போக மிச்சம் 3,835-ஐ ஜிபேயில் கட்டிவிட்டு வந்தேன். ரசீது கேட்டதற்கு "மெசேஜ்ல வரும்" என்றார்கள். வரவே இல்லை.

அன்று ராத்திரி அம்மாவுக்கு வீடியோ காலில் திருப்பிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எம்மா, இது என்ன எழுத்துடீ?" என்றாள். எனக்கு அப்போதுதான் தெரியும்.

அதற்கு மேல் புண். சுற்றிய பிளாஸ்டிக்கை மூன்று நாள் எடுக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சமையலறையில் சாப்பாடு மூடும் அதே மெல்லிய தாள். அதைச் சில மணி நேரத்தில் எடுத்து, வாசனையில்லாத சோப்பு போட்டுக் கையால் மெதுவாகக் கழுவி, ஒற்றி எடுத்து, மருந்தைப் பூசியதே தெரியாத அளவுக்கு மெல்லிசாகத் தடவ வேண்டும். சித்திரை வெயிலில் வியர்வை உள்ளேயே நின்று மூன்றாம் நாள் சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்தது. தோல் டாக்டரிடம் ஓடினேன். பத்து நாள் ஆன்டிபயாடிக். எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி மூன்றுக்கும் அப்போது ஒரு பரிசோதனை, மூன்று மாதம் கழித்து இன்னொன்று. நடுவில் இருந்த அந்த மூன்று மாதம் நான் சரியாகத் தூங்கவில்லை. இரண்டு முறையும் ஒன்றுமில்லை என்று வந்தது. ஆபீஸில் இரத்த தான முகாம் நடந்தபோது டாட்டூ போட்டு 12 மாதம் ஆகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதுவும் எனக்கு யாரும் சொல்லாதது.

சாதாரணமாக ஆறுகிற டாட்டூ நாலைந்து நாளில் வெயிலில் உரிவது போல உரியும், அரிக்கும், இரண்டு மூன்று வாரத்தில் மேல்தோல் மூடிவிடும். பயப்பட ஒன்றுமில்லை, பிய்க்காமல் இருந்தால் போதும். சிவப்பு நாளுக்கு நாள் கூடினாலோ, சூடாகி வீங்கினாலோ, சீழ் வந்தாலோ ஸ்டூடியோவுக்கு போன் போடாதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

டாக்டர் என் கையில் இருந்த பிசிஜி தழும்பைத் தொட்டுப் பார்த்தார். பிறந்தபோது போட்ட அந்த ஊசித் தழும்பு சிலருக்குத் தடித்து மேடாக வளர்ந்திருக்கும். காது குத்திய இடத்தில் உருண்டை கட்டுவது போல. அப்படிப்பட்ட தோலில் டாட்டூவும் தடிக்கலாம். தோளும் நெஞ்சும் அதற்குப் பேர்போன இடங்கள். எனக்கு இல்லை, தப்பித்தேன். ஆனால் ஸ்டூடியோவில் அதையோ, அலர்ஜியையோ, சர்க்கரையையோ பற்றி ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை.

படத்தோடு எழுதிக் கேட்டபோது, மேலே ஒரு பூ போட்டு இலவசமாக மறைத்துத் தருகிறோம் என்றார்கள். மறுபடி அந்த நாற்காலியில் உட்கார எனக்கு மனசில்லை. லேசரில்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சிட்டிங் 3,500, ஒவ்வொன்றுக்கும் ஆறிலிருந்து எட்டு வாரம் இடைவெளி. மூன்று முடிந்திருக்கிறது. இன்னும் குறைந்தது நான்கு வேண்டும் என்கிறார் டாக்டர்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் எழுதப் போகிறேன். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரைக்கும் இருந்தால் கட்டணம் கிடையாது, நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ரசீது இல்லாததால் என்னிடம் இருப்பவை ஜிபே பதிவு, "அப்படியே வரும் மேடம்" என்ற அந்த வாட்ஸப், டாக்டர் சீட்டு, பிறகு ஆச்சியின் வங்கிப் படிவம். வக்கீல் அதன் நகலைத்தான் முதல் தாளாக வைத்திருக்கிறார்.